இரண்டு போனில் ஒரு மாப்பிள்ளை

ஆகஸ்ட் 2, சனி

ஆடித் தள்ளுபடியில் அப்பா இரண்டு போன் வாங்கி வந்திருக்கிறார். அவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் ஒரே அலமாரியிலிருந்து எடுத்தது. கல்யாணமாகி முப்பத்திமூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான் என்றேன். அப்பா சிரித்தார். அம்மா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த டைரி நான் வேலை பார்க்கும் லேபில் ஜனவரியில் கொடுத்தது. இதுநாள்வரை இதன்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நடப்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று இன்று தோன்றியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒத்துப்போனது ஒரு நாள்தான்.

காலையில் அம்மா இரண்டு போனையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே பிள்ளையார் படத்தைத் திறந்தாள். அப்பாவின் போனில் பிள்ளையார் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தார். அம்மாவின் போனில் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு, கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குன்னா மங்குனது. ஒங்களுக்குன்னா பளிச்சுன்னு. எப்பவும் இப்படித்தான்."

"ஏ பிரமு, நான் பெட்டியத் தொடவே இல்லயே. கடைக்காரன் எடுத்துக் குடுத்தான்."

"அவனுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க."

வெளிச்சத்தை இரண்டிலும் முழுதாக ஏற்றினேன். கண் கூசாமலிருக்கப் போனில் போடும் மஞ்சள் வெளிச்சத்தை அணைத்தேன். என்ன செய்தும் மஞ்சள் மஞ்சள்தான், நீலம் நீலம்தான்.

நிறம் பார்ப்பது எனக்குத் தொழில். வண்ணார்பேட்டையில் பல் செய்கிற லேபில் வேலை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல்லின்மேல் மாட்டும் கேப் செய்து கொடுப்போம். பல்லுக்குப் பதினாறு நிறம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களுக்கு மூன்றே நிறம்தான்: சிவப்பு, மாநிறம், குணமான பொண்ணு.

நான் குணமான பொண்ணு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போனை மாற்றிக்கொள்வோம் என்றார் அப்பா. "இரவல் வெளிச்சம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் அம்மா. ராத்திரிக்கு உப்புமா. இந்த வீட்டில் உப்புமா ஒரு கருத்து.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தரகர் சங்கரலிங்கம் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். ஆடி முடியட்டும், இப்போது பார்வைக்கு மட்டும் என்று எழுதியிருந்தார். நல்ல மனுஷர். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்பினார். வினை அங்கே ஆரம்பித்தது.

மாப்பிள்ளை பெயர் ஆவுடையப்பன். அம்பாசமுத்திரம். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆய்வாளர். அப்பா இல்லை, அம்மா மட்டும்.

"நல்ல நிறமா இருக்கான்" என்றார் அப்பா, முற்றத்திலிருந்து.

"எங்க நிறம்? அடுப்புக்கரி மாதிரி இருக்கான்" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

"ஒனக்குக் கண்ணுல கோளாறு."

"ஒங்களுக்குப் புத்தியில."

வேறு வேறு ஆளைப் பார்க்கிறார்களோ என்று நான் போய் இரண்டு போனையும் சேர்த்து வைத்தேன். ஒரே ஆள், ஒரே கட்டம் போட்ட சட்டை. அப்பா போனில் வங்கி மேனேஜர். அம்மா போனில் அதே மேனேஜர், செங்கல் சூளையில் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தது போல.

"கறுப்புக்குக் கறுப்பு சேர்ந்தா பொறக்கப் போறது என்ன ஆகும்?" என்றாள் அம்மா.

எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

அப்பா போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சாயங்காலம் மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா போனுக்கு அப்டேட் போட வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் போட்டோ தானாகத் திறந்துகொண்டது. அம்மா போனில் திறந்து பார்க்கவில்லை. அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

முகத்துக்கு நான் எதுவும் போடுவதில்லை. கடலைமாவு எல்லாரும் போடுவது. தயிரும் எல்லாரும் போடுவதுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேபுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இரண்டு போனையும் கவுண்டரில் வைத்தோம். டை கட்டிய பையன் வெள்ளைத் திரை, சிவப்புத் திரை, பச்சைத் திரை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான்.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு சார்."

"எப்படித் தம்பி? ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலம்."

"ஒரே மாடலுக்கு டிஸ்பிளே ரெண்டு மூணு கம்பெனியில இருந்து வரும் சார். ஒண்ணு கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், ஒண்ணு கொஞ்சம் நீலம் அடிக்கும். வெளிச்சமும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கம்பெனி சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கு. தனியா வச்சுப் பாத்தா ஒங்களுக்கே தெரியாது. பழகிரும்."

"அப்பம் எது நிசமான நிறம்?"

பையன் யோசித்தான். "ஒங்களுக்கு எது பிடிக்கோ அது சார்."

பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். சமாதானபுரம் தாண்டியதும், "நம்ம வீட்டுப் பொண்ணையும் இப்படி ஒருத்தன் டை கட்டிக்கிட்டுச் சொன்னா நல்லாருக்கும்" என்றார். "ரெண்டும் சரியாத்தான் இருக்கு, பழகிரும்னு."

என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மா என் போட்டோவை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அடுப்புக்கரிக்கா அனுப்பினாய் என்று கேட்டதற்கு, "வயசு போவுதுல்லா" என்றாள்.

எந்தப் போட்டோ என்று கேட்டேன், காட்டவில்லை. அப்பாவுக்கும் அனுப்பியிருந்தாள், அவர் போனில் பார்த்தேன். முருகன்குறிச்சி ஸ்டுடியோவில் கொடுத்து வெளுக்கக் கழுவி வாங்கியிருக்கிறாள். மூக்கு என்னுடையது. கம்மல் என்னுடையது. தோல் யாருடையது என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு அப்பா போனின் நீலம் வேறு. ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி இருந்தேன்.

சண்டை போடவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டேன். ஊறுகாய் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்தார்கள். தரகர், ஆவுடையப்பன், அவருடைய அம்மா உலகம்மாள்.

நான் காப்பித் தட்டோடு வந்து நின்றேன். உலகம்மாள் என்னைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஆதார் கார்டு பார்க்கிற அதிகாரிகள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

"போட்டோவுல வேற மாதிரில்லா இருந்துது?"

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா அசரவில்லை.

"அது போனுல உள்ள கோளாறு மதினி. எங்க வீட்டுலயே பாருங்க" என்று உள்ளே ஓடி, இரண்டு போனையும் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தாள். இத்தனை நாள் அவளுடைய வயிற்றெரிச்சலாக இருந்த அந்த ஜோடி, இன்று சாட்சிக்கு வந்துவிட்டது. "ஒரே மாடலு. ஒரே நாள்ல வாங்குனது. இதுல மஞ்சளு, அதுல நீலம். ஏங்க, சொல்லுங்களேன்."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சர்வீஸ் சென்டர் கதையைச் சொன்னார். தரகர் இரண்டு போனையும் வாங்கி என் முகத்துக்கு இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தார். பின்பு சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காப்பியில் ஆடை படிந்தது.

யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டு போனிலும் இருந்ததைவிடக் கறுப்பு. போட்டோவில் இருந்த முன்முடி ஆளோடு வரவில்லை.

"நான் அவங்ககிட்டக் கொஞ்சம் பேசலாமா?" என்று அவர்தான் கேட்டார். பின்பக்கம், மோட்டார் பக்கத்தில் போய் நின்றோம்.

"ஒங்க வீட்டுப் போன்ல நான் எப்படி இருந்தேன்?"

"அம்மா போன்ல அடுப்புக்கரி. அப்பா போன்ல பேங்க் மேனேஜர்."

சத்தமாகச் சிரித்தார். "இப்ப?"

"இப்ப முடியில்ல."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அது அஞ்சு வருசத்துக்கு முந்தி எடுத்த போட்டோ. அம்மா அதத்தான் குடுப்பேன்னுட்டா."

சிரித்தபோது பார்த்தேன், முன்பல்லில் ஒன்று கேப். பக்கத்துப் பல்லைவிட இரண்டு நம்பர் வெள்ளை. யார் போட்டது என்று கேட்டேன்.

"தென்காசில ஒரு டாக்டரு. பல்லு எடுத்தது ஒரு எருமை."

உலகம்மாள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனோம். சாதாரண ஆள்தான். மாட்டைப் பற்றி அதிகம் பேசுகிறார். அந்தப் போட்டோவைக் கழுவியது போன் இல்லை, ஸ்டுடியோ என்று சொல்லியிருக்க வேண்டும். நேரமில்லை. மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்க நேரமிருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. தகவல் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தரகர் பேசினார். ஜாதகத்தில் செவ்வாய் சரியில்லையாம். போன வாரம்வரை எட்டுப் பொருத்தம் இருந்தது. நான் காப்பித் தட்டோடு வந்து நின்றதும் செவ்வாய் வீடு மாறிப் போயிருக்கிறார்.

எனக்கு நிம்மதி. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் வேலைக்கு யார் வந்து போவது?

லேபில் இரண்டு கேப் உடைந்தது. கை வழுக்கிவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அம்மாவோடு சண்டை. நான் ஆரம்பிக்கவில்லை. வேறு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, அதே போட்டோவை அனுப்பட்டுமா என்றாள்.

"அந்தப் போட்டோவ நீ அனுப்பாம இருந்திருந்தா எனக்கு இந்த அசிங்கம் வந்திருக்காது."

"அனுப்பாம இருந்திருந்தா அவங்க வந்தே இருக்க மாட்டாங்க."

"வராட்டா போறாங்க. போலியக் காட்டிப் பிள்ளயத் தள்ளிவிடணுமா?"

அம்மா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"என்னய எப்படித் தள்ளிவிட்டாங்கன்னு ஒனக்குத் தெரியுமாட்டி? ஒங்கப்பா என்னப் பாக்க வந்த அன்னைக்குக் காப்பி கொண்டுபோனது நான் இல்ல. சிவகாமி அக்கா."

சிவகாமி பெரியம்மா அம்மாவின் அக்கா. எலுமிச்சம்பழ நிறம். அப்போதே அவளுக்குச் சங்கரன்கோவிலில் நிச்சயம் முடிந்திருந்தது.

"நான் கதவுக்குப் பின்னால நின்னேன். யாரும் பொய் சொல்லல. இதுதான் பொண்ணுன்னு யாரும் கையக் காட்டல. இல்லன்னும் யாரும் சொல்லல. தாலி கட்டும்போது ஒங்கப்பா மொகத்த நான் பாக்கவே இல்ல. ஏமாந்த மொகத்த எப்படிட்டி பாக்க? இன்னைக்கு வரைக்கும் அவர்ட்டக் கேட்டதும் இல்ல. அக்கா வீட்டுக்கு வந்துட்டாப் போதும், அவரு எந்தப் பக்கம் பாக்காருன்னு எனக்கு அதே வேல."

அடுக்களை வாசலில் அப்பா மார்க்கெட் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அன்னைக்குக் காப்பி கொண்டாந்தது நீ இல்லயா பிரமு?"

அம்மா சட்டென்று திரும்பியதில் கால் பட்டுக் கீரைக்கட்டு சிதறியது.

அப்பா பையை இறக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "எனக்கு அப்பமே இந்தக் கண்ணாடி இல்லன்னா சுவரும் தெரியாது, வாசலும் தெரியாது. எங்கம்ம, பொண்ணு பாக்கப் போகும்போது சோடாபுட்டியோட போனா எவன் குடுப்பான்னு சொல்லி, ஒங்க தெருமுனையிலயே புடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டா. ஏதோ ஒரு சேலை வந்துது. காப்பி குடுத்துது. போச்சு. காப்பியில சீனி கம்மி. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"சேலை என்ன நிறம்?" என்றாள் அம்மா, ரொம்ப மெதுவாக.

"அதுவே தெரியலங்கேன்."

"அப்பம் என்னய எப்பம் பாத்திய?"

"கல்யாணத்துக்கு மறுநாள். கல்யாணத்தன்னைக்கும் கண்ணாடிய எங்கம்மதான் வச்சிருந்தா. கண்ணாடியக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு வெளிய வாரேன், நீ கிணத்தடியில நிக்க."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன? நீ பல்லு வெளக்கிக்கிட்டு இருந்த. நல்லா வெளக்குதாளேன்னு நெனச்சேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "முப்பத்திமூணு வருசமா" என்றாள். அப்பா கீழே உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார்.

எனக்கு அங்கே வேலை இல்லை. போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்த ஈரம் காயாத செடிக்கு.

செப்டம்பர் 1, திங்கள்

அவருடைய நம்பர் எப்படியோ என் போனில் இருந்தது. மெசேஜ் அனுப்பினேன்.

"நீங்கள் பார்த்த போட்டோ ஸ்டுடியோவில் வெளுப்பாக்கியது. போனைக் குறை சொன்னது பொய். நேரில் பார்த்ததுதான் நான். அன்றே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும். பதில் வேண்டாம்."

படித்துவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

பதில் வேண்டாம் என்று எழுதியது நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

மத்தியானம் லேபுக்கு வந்து நின்றார், கையில் ஹெல்மெட்டோடு. முன்னால் இருக்கும் பெண்ணிடம் "பல்லு விஷயமா வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் முதலாளி அவரை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். நான் போய் மீட்டு, எதிரே இருக்கும் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

"ஒங்க மெசேஜப் பாத்தேன். போன்ல எழுதத் தெரியல. அதான் நேர்ல வந்தேன்" என்றார். "அன்னைக்கு வீட்டுக்குப் போகும்போதே, சேரன்மாதேவி வாரதுக்குள்ள எங்கம்மா வேண்டாம்னுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தேன்."

"ஏன்?"

டீ கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "ஒங்கள மொதல்ல பாத்தப்ப எனக்கும் ஒரு நிமிசம் திக்குன்னு இருந்துது. அந்தப் போட்டோவ மனசுல வச்சுக்கிட்டு வந்துட்டேம்லா. அப்பறம் மோட்டார் பக்கத்துல நின்னு பேசினோம், அதெல்லாம் மறந்து போச்சு. ஆனா அந்த ஒரு நிமிசம் இருந்துது. அதனாலதான் அம்மாட்ட வாயத் திறக்க முடியல. நானே இந்த நிறத்துல இருந்துக்கிட்டு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கான வார்த்தைகள்கூட என்னிடம் தயாராக இருந்தன. பல வருடமாகச் சேர்த்து வைத்தவை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எனக்கு ரெண்டு நிமிசம் இருந்துது."

நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா போன்ல ஒங்களப் பாக்கவே மாட்டேன். எப்பவும் அப்பா போன்லதான் பாத்தேன். அதுல நீங்க கொஞ்சம் வெளுப்பு. அதனாலதான் அதுல பாத்தேன்." இதை நான் இந்த டைரியில்கூட எழுதவில்லை. ஒரு டீக்கடையில், பஜ்ஜி போடுகிறவர் கேட்கும் தூரத்தில் சொன்னேன்.

"எத்தன தடவ பாத்தீங்க?"

"அது ஒங்களுக்கு எதுக்கு?"

அந்த இரண்டு நம்பர் கூடுதல் வெள்ளைப் பல் தெரியச் சிரித்தார்.

பிறகு சொன்னார்: "நேத்து அம்மாட்டச் சொல்லிட்டேன், செவ்வாயும் இல்ல புதனும் இல்ல, எனக்கு அந்தப் பிள்ளையப் பிடிச்சிருக்குன்னு. பேசமாட்டேங்கா. பேசுவா. ஆனா ஒங்களுக்கு இஷ்டமான்னு தெரியாம நான் அவகிட்டச் சண்ட போட்டு என்ன பிரயோசனம்?"

"நான் யோசிக்கணும்."

"யோசிங்க."

என்னைப் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் நிறையப் பேர். நான் யோசிக்கிறேன் என்று ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நீட்டலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

யோசித்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி.

செப்டம்பர் 8, திங்கள்

அவரிடமிருந்து மெசேஜ். "அம்மா பேசிட்டா. நீங்க சரின்னா ஞாயித்துக்கிழமை தட்டு மாத்த வருவா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வருவா. முன்கூட்டியே சொல்லிடுதேன்." எழுதத் தெரியாதவர் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அவங்கம்மா ஒன்ன ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் சொல்லிக் காட்டுவாட்டி."

"காட்டட்டும். திருப்பிச் சொல்ல எனக்கும் வாய் இருக்கு."

"அது தெரியும்" என்றாள் அம்மா. தோசை கருகும்வரை நின்றாள். "பொறக்கிற பிள்ள?"

"பொறக்கட்டும்மா. அதுக்குள்ள அத ஏன் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோற?"

அப்பா சிரிப்பை அடக்கி இருமினார். அம்மா கருகிய தோசையை அவர் தட்டில் போட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், "பையன் பேசுன வரைக்கும் நல்லாத்தான் பேசுனான்" என்றாள். இந்த வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும்.

செப்டம்பர் 10, புதன்

மெசேஜில் சொல்ல மனமில்லை. லேப் இடைவேளையில் போன் போட்டேன். நெடுநேரம் அடித்தது. பின்பு ஏதோ காற்றுச் சத்தம், ஆட்கள் சத்தம், ஒரு மாட்டின் அலறல்.

"சொல்லுங்க! கை உள்ள இருக்கு. கன்னு தலகீழா கெடக்கு. வேற ஆள்தான் போனப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்திருக்கலாம். வைத்தால் இன்னொரு தடவை தைரியம் வருமா என்று தெரியவில்லை.

"சரி" என்றேன்.

"என்னது?"

"சரின்னேன்!"

மாடு கத்தியது. அவருக்குக் கேட்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள், தொழுவத்துக்கே கேட்கும்படி, "டாக்டரே, அந்தப் பிள்ள சரிங்கு!" என்றார். யாரோ சிரித்தார்கள். யாரோ எதுக்குச் சரி என்று கேட்டார்கள். அவர் பக்கமிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு "இழு, இழு, மெதுவா" என்று ஒரே இரைச்சல். நான் காதை எடுக்காமல் சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், போகவில்லை.

"வந்துட்டு!" என்று பல குரல்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல், பக்கத்தில், மேல்மூச்சு கீழ்மூச்சாக.

"கேட்டுட்டு. நீங்க சொன்னது கேட்டுட்டு."

கன்றுக்குட்டி என்ன நிறம் என்று கேட்டேன்.

"இன்னும் தொடைக்கலங்க" என்றார்.